பாலறியும் உரிமை: இலக்கணமும் சட்டமும்

1871ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு இயற்றிய 27ஆம் எண் சட்டம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் பெயரால் அறியப்படுவது. பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று முத்திரையிடப்பட்ட குடிகளை ஒடுக்கிய சட்டமாகவே அது தமிழ் ஆய்வுலகில் பேசப்பட்டு வந்துள்ளது. அதன் பிற்கால வடிவத்தை எதிர்த்து 1920இல் பெருங்காமநல்லூரில் மக்கள் உயிர் கொடுத்த நினைவு அதற்கு ஒரு காரணம். ஆனால் 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. அது எந்தக் குடியையும் பற்றியதன்று. பால் அடையாளம் பற்றியது. வட இந்தியாவில் ஹிஜ்ரா எனப்பட்டோரை நோக்கி எழுதப்பட்ட அப்பகுதி, அவர்களைப் பதிவேட்டில் ஏற்றவும் கண்காணிக்கவும் தண்டிக்கவும் வழிசெய்தது.

அப்பகுதியில் உள்ள வரையறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆண்பாலைச் சேர்ந்த ஒருவர், தாம் ஆண்மையற்றவர் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டாலோ, மருத்துவச் சோதனையில் அது தெளிவாகத் தெரிந்தாலோ அவர் இச்சட்டத்தின் கீழ் வருவார். ஒருவர் இன்னார் என அறிவதற்கு இங்கே இரண்டு வாயில்கள் திறக்கப்படுகின்றன. ஒன்று அவருடைய சொல், மற்றொன்று அவருடைய உடல் மீதான சோதனை. இவற்றுள் முதலாவதும் உண்மையில் அவருடைய சொல்லாக இல்லை. அது குற்றவாளியிடம் பெறும் ஒப்புதலின் வடிவத்தில் உள்ளது. ஒருவருடைய பாலை அறியும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினா இந்தியச் சட்ட வரலாற்றில் இவ்வாறு தொடங்கியது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் பாலினம், பாலியல்பு ஆகியவை குறித்த சமூக மனப்பான்மை எவ்வாறெல்லாம் மாறியது என்பதை இந்த ஒரு வினாவைப் பின்தொடர்ந்தே பெரிதும் அறியலாம். அவ்வினா தமிழ் இலக்கண மரபுக்கும் புதியதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

பதிவேடும் சோதனையும்

இச்சட்டம் திடீரென முளைத்ததன்று. 1852இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி மாவட்டத்தில் பூரா என்னும் ஹிஜ்ரா கொலை செய்யப்பட்டார். கொலையுண்டவருக்கு நீதி தேட வேண்டிய வழக்கு, கொலையுண்டவரின் கூட்டத்தார் எத்தகையோர் என்னும் விசாரணையாகத் திரும்பிவிட்டது. பெண்ணுடை அணிவதும் ஆடிப்பாடிப் பிழைப்பதும் குற்றத்தின் அறிகுறிகளாகக் காலனிய அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியலாயின. ஜெசிகா ஹிஞ்சி 2019இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வழக்கிலிருந்து 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலான போக்கை ஆவணங்களின் துணைகொண்டு விரிவாக விளக்கியுள்ளது.

முதலில் வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகிய பகுதிகளை முன்னிறுத்தி நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, ஐயத்துக்கு உரியவர்களின் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் எழுதப்பட்டன. பதிவு பெற்ற ஒருவர் பொதுத்தெருவில் பெண்ணைப்போல் உடுத்தியோ அணிகலன் பூண்டோ தோன்றினால், ஊதியத்துக்காக ஆடினால், இசைக் கருவி வாசித்தால், பிடியாணை இன்றிக் கைது செய்யப்படலாம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். 16 வயதுக்கு உட்பட்ட சிறுவனைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதும் குற்றம். அவர் காப்பாளராக இருக்க இயலாது. கொடை அளிக்கவோ விருப்பமுறி எழுதவோ மகவு ஏற்கவோ இயலாது. குருவும் சீடரும் என்னும் உறவின் வழியே உடைமையும் ஊர் உரிமையும் கைமாறி வந்த ஒரு சமூகத்துக்கு இதன் பொருள் என்ன என்பது சொல்லாமலே விளங்கும். தண்டனையைக் காட்டிலும் இந்த உரிமைப் பறிப்பே கொடிது. இவர்கள் ஒரு தலைமுறையோடு அற்றுப்போக வேண்டும் என்பதே இவ்விதிகளுள் அமைந்த நோக்கமாகும்.

இதற்கு இணையாக ஓடியது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் அளித்த வரைவிலேயே இதன் கரு இருந்தது. பிற பிரிவுகளுக்கெல்லாம் நீண்ட விளக்கம் எழுதிய மெக்காலே, இதைப் பற்றிப் பேசுவதே பொது ஒழுக்கத்துக்குக் கேடு என்று கருதி விளக்கத்தைத் தவிர்த்தார். 1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில், இயற்கை முறைமைக்கு மாறான உறவு என்ற தொடரின் பொருள் விளக்கப்படாமலே நின்றது. விளக்கப்படாத சொல்லுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் காவல்துறைக்கும் மருத்துவருக்கும் போய்ச் சேர்ந்தது.

அது எவ்வாறு செயல்பட்டது என்பதற்கு 1884ஆம் ஆண்டின் அலகாபாத் வழக்கு ஒன்றே போதும். பெண்ணுடை அணிந்து பாடியதற்காகக் கண்காணிப்புக்கு உள்ளான கைராத்தி என்பவர் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். உடலுறுப்பின் அமைப்பு ஒன்றையே சான்றாகக் கொண்டு அமர்வு நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு குற்றம் நிகழ்ந்தது என்று கூறப்படவே இல்லை என்பதால் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. விடுதலை கிடைத்தது உண்மையே. எனினும் ஒருவர் செய்த செயலை விட்டு அவருடைய உடலையே குற்றத்தின் ஆவணமாகப் படிக்கும் வழக்கம் அங்கே பதிவாகிவிட்டது.

இலக்கணம் கொண்ட முடிவு

மருத்துவரின் சோதனை பாலை அறியும் ஒரு வழி. மொழி அதை அறியும் வழி வேறு. இந்திய மொழிகளுள் இவ்வகையில் தமிழின் நிலை தனித்தன்மை உடையது. வடமொழியில் சொல்லின் இலிங்கம் பொருளின் இயல்பைப் பொறுத்ததன்று. மனைவியைக் குறிக்கும் தார என்னும் சொல் ஆண் இலிங்கப் பன்மையாக வரும். அதே பொருளுடைய களத்திர என்னும் சொல் நபும்சக இலிங்கமாக வரும். ஆகவே பதஞ்சலி போன்ற இலக்கணிகள் உடலடையாளத்துக்கும் சொல்லின் இலிங்கத்துக்கும் உள்ள முரணை நெடிது வாதிட வேண்டியிருந்தது; சொல்லமைப்பு என்னவோ அம்முரணால் பாதிக்கப்படவில்லை. தமிழில் திணையும் பாலும் பொருளின் வழிப்பட்டவை. ஒருவரைப் படர்க்கையில் குறித்து வினை கூறும்போது அவர் ஆணா பெண்ணா என்பதை வினைமுற்றின் ஈறு காட்டியாக வேண்டும். ஆண் பெண் என்னும் இரண்டனுள் அடங்காத ஒருவர் வந்தார் என்று சொல்ல நேரும்போது தமிழ் இலக்கணி ஒரு முடிவுக்கு வந்தே தீர வேண்டும். இக்கட்டாயம் பிற்காலத்தது அன்று. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத் தொடக்கத்திலேயே அது எதிர்கொள்ளப்படுகிறது.

தொல்காப்பியர் இதில் மூன்று செய்திகளைக் கூறுகிறார். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர் உயர்திணையைச் சேர்ந்தது. அவர்களுக்கென்று தனி ஈறு கிடையாது. உயர்திணைப் பால்களுக்கு உரிய ஈறுகளையே பெற்று வழங்கும். அப்பெயர் ஆண்பாலை அறிவிக்கும் வினையோடு முடிதல் இல்லை. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களையும் இதே நூற்பாவில் அவர் உடன்வைத்துள்ளமை கருதத்தக்கது. மக்கள் என்னும் வகைக்குள் வைப்பதா, வெளியே நிறுத்துவதா என்னும் ஐயம் அவருக்கு எழவில்லை. எழுந்த ஐயம் ஈறு பற்றியதே.

பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி எழுந்த நன்னூலில் நிலைமை சற்று வேறு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால் ஆகும். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் ஆகும். இவ்விரண்டும் அஃறிணை போலக் கொள்ளப்படுதலும் உண்டு என்பது பவணந்தியார் கூற்றின் சாரம். பால் பிறப்பால் அமைந்த உடலைப் பின்பற்றாமல் அவாவைப் பின்பற்றுகிறது என்பது இந்நூற்பாவின் முதன்மையான செய்தி. தொல்காப்பியர் கூறாத, பெண்மை துறந்து ஆண்மை விழைவோரையும் பவணந்தியார் ஒப்ப வைக்கிறார். ஆனால் உயர்திணையில் உறுதியாக நின்ற இடம் இங்கே தளர்ந்துவிட்டது. அஃறிணையாதலும் ஆகும் என்னும் சலுகை மரியாதைக் குறைவுக்கான வாயிலும் ஆகிறது. நூற்பாவில் அவாவுவ என்னும் சொல்லே பலவின்பாலில் உள்ளது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அண்மைக் கால எழுத்துகள் சில நன்னூலையும் தொல்காப்பியத்தையும் காட்டி, பழந்தமிழர் பால் வேறுபாடுகளை முழுமையாக மதித்தனர் என்றும் காலனியமே எல்லாவற்றையும் கெடுத்தது என்றும் எழுதுகின்றன. இலக்கணத்தில் இடம் இருந்தது என்பது ஊரில் இடம் இருந்தது என்பதற்குச் சான்றாகாது. திருக்குறளின் 614, 727ஆம் குறட்பாக்களில் பேடியின் கையில் உள்ள வாள் பயனின்மைக்கு உவமையாகிறது. இலக்கணம் உயர்திணையில் வைத்த ஒருவரை அறநூல் இழிவின் அளவுகோலாக்குகிறது. இரண்டும் ஒரே மொழியின் உடைமைகளே. சிலப்பதிகாரத்தின் பதினோராடலுள் ஒன்று காமன் ஆடிய பேடு. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் புகார் நகரத்து மக்கள் தாடியும் பூங்குழலும் ஒருங்கே கொண்ட பேடிக் கோலத்தாரின் கூத்தைச் சூழ்ந்து நின்று காண்கின்றனர். அதே காதையில் மணிமேகலையைச் சூழ்ந்த கூட்டத்துக்கு, விராட நகரில் பேடியாக வந்த விசயனைக் காணத் திரண்ட கூட்டம் உவமையாகிறது. கூத்தில் காணப்படுதலும் வேடிக்கையாகக் காணப்படுதலும் எங்கே பிரிகின்றன என்பதைச் சாத்தனார் கூறவில்லை. நம்மாழ்வார் ஆண், பெண், அலி என்னும் மூன்றையும் மறுத்து இறைவனைச் சுட்டுகிறார். மாணிக்கவாசகர் அம்மூன்றுமாக இறைவனைக் காண்கிறார். இறைவனுக்கு ஏற்றிச் சொல்லத் தகுந்த அதே சொல் தெருவில் வசையாகப் பயின்றது. இந்த இரட்டை நிலையை ஒன்றாக்கிப் பொற்காலம் என்று சொல்வது வரலாறாகாது.

பெயர்கள் மாறிய விதம்

அலி என்னும் சொல் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அச்சு எழுத்தில் தயக்கமின்றி வழங்கியது. சு. சமுத்திரத்தின் வாடாமல்லி (1994) இம்மக்களின் வாழ்வை நாவலின் நடுவில் வைத்த முன்னோடிப் படைப்பு. பரிவோடு எழுதப்பட்ட அந்நாவலிலும் அச்சொல்லே ஆளப்பட்டது. வேறு சொல் அன்று எழுத்தாளரின் கைக்கு எட்டவில்லை என்பதே உண்மை. விவிலியத் தமிழில் வரும் அண்ணகர் விதை நீக்கப்பட்டவரையே பெரிதும் சுட்டுவதால் அது பொருந்தி வரவில்லை.

அரவாணி என்னும் பெயர் 1990களில் பரவியது. அதன் வேர் கூவாகத்தில் உள்ளது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த அவ்வூரின் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திங்களில் நிகழும் விழாவில், களப்பலிக்கு முந்திய இரவில் அரவானை மணந்து மறுநாள் தாலி அறுக்கும் சடங்கு நடைபெறுகிறது. வியாச பாரதத்தில் இராவான் எட்டாம் நாள் போரில் மடிகிறான். அங்கே திருமணம் இல்லை. களப்பலிச் செய்தி பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலிருந்து தமிழ்ப் பாரத மரபில் தொடர்கிறது. கண்ணன் மோகினியாகி அரவானை மணந்த கதையோ வழிபாட்டாலும் தெருக்கூத்தாலும் வளர்ந்தது. எழுத்து மரபு தராத ஒரு கதையிலிருந்து ஒரு சமூகம் தனக்குப் பெயர் எடுத்துக்கொண்டது. அப்பெயரில் ஒரு குறையும் இருந்தது. அரவானின் மனைவி என்னும்போது ஒரே இரவில் கைம்மை எய்தும் நிலையும் உடன்வந்துவிடுகிறது. இந்து சமயக் கதையை ஏற்காதோருக்கு அப்பெயர் பொருந்துவதும் இல்லை. 2000க்குப் பின் திருநங்கை என்னும் சொல் மேலோங்கியது. பெண்மையைத் துறந்து ஆணாக வாழ்வோருக்குத் திருநம்பி என்றும், இருவருக்கும் பொதுவாகத் திருநர் என்றும் சொற்கள் கிளைத்தன. 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டு அரசு இம்மக்களுக்கென நல வாரியம் அமைத்தது; இந்தியாவில் இத்தகைய வாரியம் அமைந்தது அதுவே முதல் முறை. திருநர் என்னும் சொல்லில் உள்ள பலர்பால் ஈறு கவனத்துக்குரியது. ஆண் பெண் பகுப்பைக் காட்டாமல் உயர்திணையை மட்டும் காட்டுவது அந்த ஈறு ஒன்றே. தனி ஈறு இல்லை என்று தொல்காப்பியம் விட்ட இடத்தைப் பேச்சுத்தமிழின் மரியாதைப் பன்மை நிரப்பியுள்ளது.

பெயர் மாற்றத்தினும் பெரிய மாற்றம் பேசும் இடத்தில் நிகழ்ந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் நான் வித்யா 2007இல் வெளிவந்தது. பிற திருநங்கையரின் வாழ்க்கைக் கூற்றுகளை உணர்வும் உருவமும் என்னும் நூலாகத் தொகுத்த ரேவதி, 2011இல் தம் தன்வரலாற்றை வெள்ளை மொழி என்னும் பெயரில் தந்தார்; நாமக்கல் பகுதிச் சிற்றூரிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் விரியும் வாழ்க்கை அது. இந்நூல்கள் தன்மையிடத்தில் எழுதப்பட்டவை. இதனை இலக்கிய உத்தி என்று மட்டும் கருதுதல் போதாது. தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால்காட்டும் ஈறு இல்லை. நான் வந்தேன் என்பதும் நீ வந்தாய் என்பதும் பேசுவோரின் பாலையோ கேட்போரின் பாலையோ அறிவிப்பதில்லை. பால் படர்க்கைக்கு மட்டுமே உரியது. அதாவது பிறர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது மட்டுமே எழுவது. இந்தியில் நிலைமை வேறு. அங்கே நான் போனேன் என்று சொல்வதற்கே பேசுபவர் ஆண் வடிவத்தையோ பெண் வடிவத்தையோ தெரிந்தெடுக்க வேண்டும். தில்லித் தெருவில் வாழும் தமிழ்த் திருநங்கை தம்மைப் பற்றி இந்தியில் பேசும் பல தொடர்களில் தம் பாலை அறிவித்தாக வேண்டும். தமிழில் அவர் அறிவிக்காமலே ஒரு நூல் முழுதும் பேசலாம். அந்நூலைப் பற்றி எழுதும் திறனாய்வாளர்தாம் அவன் என்றோ அவள் என்றோ முடிவெடுக்கிறார். வாடாமல்லி பேசிய படர்க்கைக்கும் வெள்ளை மொழி பேசும் தன்மைக்கும் இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் தமிழிலக்கியத்தில் நடந்தது, பாலறியும் உரிமை கைமாறியதே.

நீதிமன்றத்தில் இரு வாயில்கள்

நீதிமன்றங்களில் இக்கைமாற்றம் நேர்க்கோட்டில் செல்லவில்லை. 377ஆம் பிரிவை எதிர்த்து 2001இல் தொடுக்கப்பட்ட நாஸ் அறக்கட்டளை வழக்கில், 2009 சூலை 2 அன்று தலைமை நீதிபதி ஏ. பி. ஷாவும் நீதிபதி எஸ். முரளிதரும் அடங்கிய தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, வயது வந்தோர் தம் இசைவோடு தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. பாதிக்கப்படுவோர் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினர் என்பதும் அத்தீர்ப்பில் ஒரு வாதமாக இடம்பெற்றது. உரிமையைத் தலையெண்ணி அளக்கும் இவ்வாதம் 2018 செப்டம்பர் 6 அன்று ஐவர் அமர்வால் மறுக்கப்பட்டது. அதற்கான அடித்தளம் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக்கிய ஒன்பதின்மர் அமர்வின் தீர்ப்பில் இடப்பட்டிருந்தது. 377ஆம் பிரிவைத் தந்த இங்கிலாந்து தன் சொந்தச் சட்டத்தை 1967லேயே திருத்திக்கொண்டது என்பதை இங்கே நினைவுகூரலாம். 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவில் 377க்கு நிகரான பிரிவு அறவே இல்லை. இசைவோடு நிகழும் உறவு குறித்த எச்சம் இதனால் நீங்கியது. இசைவின்றி ஆணுக்கோ திருநருக்கோ இழைக்கப்படும் வன்கொடுமைக்கு அப்பிரிவு அளித்துவந்த காப்பும் உடன்போயிற்று.

பாலறிதலைப் பொறுத்தவரை முதன்மையானது 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் அளித்த தீர்ப்பு. ஒருவரின் பாலை அவருடைய உடற்கூற்றைச் சோதித்து அறியும் ஆங்கிலேய மரபை அது ஏற்கவில்லை. உள்ளத்தின் உணர்வையே அளவாகக் கொண்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்டாக வேண்டும் என வற்புறுத்துவது சட்டத்துக்கு மாறானது என்றது. வரலாற்றுப் பகுதியில் அரவானின் கதையையும் அரவாணி என்னும் பெயரையும் அத்தீர்ப்பு எடுத்தாண்டுள்ளது. பழங்கதைகளை மதிப்பின் சான்றுகளாக மட்டும் கொண்டு, இழிவின் சான்றுகளை அது விட்டுவிட்டது என்னும் குறையைத் தமிழ் ஆய்வாளர் சுட்டலாம். நீதிமன்றம் தேடியது முன்னுதாரணம். வரலாற்றின் இரு பக்கங்களையும் அது தேடவில்லை.

இத்தீர்ப்பு வந்த அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. பெண்ணாகவே பிறந்து வளர்ந்து பெண் காவலராகத் தேர்வு பெற்ற ஒருவர், பயிற்சிக் காலத்தில் நடந்த மருத்துவச் சோதனையில் திருநங்கை எனக் குறிக்கப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தம்மைப் பெண் என அறிந்தவருக்கு மருத்துவச் சான்றிதழ் வேறு பெயர் சூட்டியது. நீதிபதி எஸ். நாகமுத்து அந்நீக்கத்தை இரத்துச் செய்தார். ஒருவரின் பாலை உறுதிசெய்ய அவரைச் சோதனைக்கு வற்புறுத்துவது அவருடைய உரிமையை மீறுவதாகும் என்றார். சோதனை திருநங்கையரை மட்டும் காயப்படுத்துவதன்று என்பதற்கு இவ்வழக்கு சான்று. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெள்ளிப் பதக்கத்தை இத்தகைய சோதனையாலேயே இழந்தார். அவர் ஓடியது யாரும் மறுக்க முடியாத காலக்கணக்கில். மறுக்கப்பட்டது அவர் யார் என்பது.

பேச்சுத் திறன் இல்லாத குழந்தையின் நிலை என்ன? 2019 ஏப்ரல் 22 அன்று மதுரை அமர்வில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றது பரவலாகப் பேசப்பட்டது. அதே தீர்ப்பின் மற்றொரு பகுதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இருபால் கூறுகளோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், ஏதேனும் ஒரு பாலில் அடக்கும் அறுவை சிகிச்சை செய்வதை அது தடுக்கச் சொன்னது. 2019 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டு அரசு அதற்கான ஆணையை வெளியிட்டது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் வயது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஒருவருடைய சொல்லை மட்டுமன்றி, அவர் இன்னும் சொல்லாத சொல்லையும் சட்டம் மதிக்கத் தொடங்கிய இடம் அது.

ஆயினும் மருத்துவ வாயில் மூடப்படவில்லை. நாடாளுமன்றத்தில் 2016இல் வந்த திருநர் மசோதா, ஒருவரைத் திருநர் என உறுதிசெய்ய மாவட்ட அளவில் மருத்துவர் உள்ளிட்ட ஆய்வுக் குழு ஒன்றை முன்மொழிந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அக்குழு கைவிடப்பட்டது. 2019இல் இயற்றப்பட்ட சட்டம், தாம் உணரும் பாலடையாளத்துக்கான உரிமையை ஒரு பிரிவில் வழங்கியது. அதை ஏற்கும் சான்றிதழை மாவட்ட ஆட்சியரிடம் பெற வேண்டும் என மற்றொரு பிரிவில் கூறியது. ஆண் என்றோ பெண் என்றோ மாற்றிக்கொள்ள விழைவோர் அறுவை சிகிச்சை பெற்றதற்கான மருத்துவச் சான்றையும் காட்ட வேண்டும் என்றது. 1871இன் பதிவேட்டுக்கும் 2019இன் சான்றிதழுக்கும் நோக்கத்தில் ஒப்புமை இல்லை. முன்னது தண்டிப்பதற்கும் பின்னது உரிமை வழங்குவதற்கும் எழுந்தவை. ஆயினும் அலுவலர் ஒருவர் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே ஒருவர் தாம் சொல்லும் பாலுக்கு உரியவராகிறார் என்பது இரண்டுக்கும் பொது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மற்றவர் என்னும் பிரிவில் 4,87,803 பேர் பதிவாயினர். இத்தொகை இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்று கருதுவோர் பலர். கணக்கெடுப்பாளர் முன் வீட்டுத் தலைவர் சொல்வதே விடையாகும்போது இத்தொகை யாருடைய சொல் என்னும் ஐயம் நியாயமானதே.

சமூக மனப்பான்மை சட்டத்துக்கு முன்னும் பின்னுமாகவே நடந்துள்ளது. 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் இணையரின் திருமணத்தை ஏற்பது சட்டமன்றங்களின் வேலை என்று கூறி உச்ச நீதிமன்றம் ஒதுங்கியது. ஆண் பெண் இணையராக அமையும் திருநரின் திருமணம் நடப்புச் சட்டங்களின்படியே செல்லும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. பாலடையாளம் அடைந்த ஏற்பைப் பாலீர்ப்பு இன்னும் அடையவில்லை என்பதை இவ்வொரு தீர்ப்பே காட்டுகிறது. மரபில் பெயரும் கோயிலும் கதையும் உடையோருக்குச் சட்டம் விரைந்து இடம் தந்தது. அவை இல்லாதோர் காத்திருக்கின்றனர். பால்புதுமையர் என்பது போன்ற சொற்கள் தமிழில் புதிதாக ஆக்கப்படுவதன் பின்னணி இதுவே.

1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரியில் ஐதராபாத் நிசாம் ஆட்சியும் பசலி 1329இல், அதாவது 1919இல், ஒரு சட்டம் இயற்றியிருந்தது. பதிவேடு, பெண்ணுடை அணிந்தால் பிடியாணை இல்லாக் கைது, ஆடல்பாடலுக்குத் தண்டனை என எல்லாம் அதிலும் இருந்தன. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நாடு முழுதும் நீக்கப்பட்டது. ஐதராபாத் அரசு மறைந்தது, ஆந்திரப் பிரதேசம் தோன்றியது, தெலங்கானா பிரிந்தது, சட்டம் மட்டும் ஏட்டில் நின்றது. 2023 சூலை மாதத்தில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது என அறிவித்து நீக்கியது. அவ்வழக்கைத் தொடுத்தவர்களுள் திருநரும் இருந்தனர். பதிவேட்டில் பிறரால் எழுதப்பட வேண்டியவர்கள் என்று அச்சட்டம் கருதியவர்கள், நூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே சட்டத்தின் எதிரே மனுதாரர்களாகத் தம் பெயரைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டு நின்றனர்.